பாறை வெடிப்பும் ரயில் நட்டும்

இருப்புப் பாதையில் பணி புரிவோருக்கு நட்டு என்பது ஒரு கணக்குப் பொருள். கிடங்கிலிருந்து எத்தனை வந்தன, எத்தனை வழங்கப்பட்டன, எத்தனை எஞ்சின என்று ஏட்டில் பதிந்து முடித்ததும் அதைப் பற்றிய நினைவும் முடிந்துவிடும். ரயில்வே எழுத்தராய்க் காலம் கழிக்கும் நாமும் அப்படித்தான் இருந்தோம். தண்டவாளத்தின் ஓரத்தில் கழன்று விழுந்து கிடந்த நட்டுகள், வேல்ஸ் நாட்டில் ஓர் அரிய கலையின் போக்கையே மாற்றின என்று அறிந்த பிறகு, அச்சிறு இரும்புத் துண்டைச் சற்றே மதிப்புடன் நோக்குகிறோம்.

அக்கலை பாறையேற்றம். அதிலும், பாறையில் இயற்கையாய் அமைந்த வெடிப்பைப் பற்றி, பாறையைத் துளைக்காமல், ஏறுவோன் தானே காப்புகளைச் செருகிக்கொண்டு மேலே செல்லும் பழைய முறை. நம் சங்கத்துக் குடும்பங்களில் வளரும் இளைஞரும் யுவதியரும் இப்போது இதில் நாட்டம் கொள்கின்றனர். பெற்றோரோ, 'உயிரோடு விளையாடுவதா?' என்று அஞ்சுகின்றனர். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகளையே செல்வமாகக் கருதி வாழும் நமக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆயினும் தடுப்பதற்கு முன்னும், விடை கொடுப்பதற்கு முன்னும், அது இன்னதென்று அறிந்துகொள்வது நன்று.

தொழிலாளரின் விளையாட்டு

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கு இடையே பீக் டிஸ்டிரிக்ட் என்னும் மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே சொரசொரப்பான மணற்கற் பாறைகள் சுவர் எழுப்பியதுபோல் வரிசையாக நிற்கின்றன. ஸ்டானேஜ் என்னும் ஒரு வரிசை மட்டும் சுமார் மூன்றரை மைல் நீளமுடையது. உயரம் எங்கும் நூறு அடியை எட்டாது. பூமியின் அழுத்தத்தாலும், உள்ளே புகுந்த நீர் உறைந்து விரிவதாலும், அப்பாறைகளில் மேலிருந்து கீழாக நெடிய வெடிப்புகள் விழுந்துள்ளன. விரல் நுழையும் கீறல் முதல் ஆள் நுழையும் சந்து வரை அவற்றில் பல அளவுண்டு.

அந்நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் செல்வர்களின் பறவை வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாள இளைஞர் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டின் மீது தடையை மீறி நடந்தனர். அவர்களில் ஐவர் சிறை சென்றனர். 1951-ல் அப்பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. ஆலையிலும் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் பஸ்ஸிலேறி வந்து பாறையைத் தொடும் வழக்கம் இத்தகைய போராட்டங்களோடு சேர்ந்தே வளர்ந்தது.

அவ்வாறு வந்தவர்களில் தலையாயவர் ஜோ பிரவுன். 1930-ல் மான்செஸ்டரில் ஓர் ஏழை வீட்டில் ஏழாவது குழந்தையாய்ப் பிறந்தவர்; கைக்குழந்தையாய் இருக்கையிலேயே தந்தையை இழந்தவர். கட்டட வேலை செய்து வாழ்ந்தவர். தொடக்கத்தில் அவர் ஏறுவதற்குக் கொண்டுபோன கயிறு, அன்னை துணி உலர்த்திக் கழித்துவிட்ட கொடிக்கயிறு! அவருடைய தோழர் டான் வில்லன்ஸ் குழாய் பழுது பார்க்கும் தொழிலாளி. இவ்விருவரும் இவர்களையொத்த இளைஞரும் சேர்ந்த 'ராக் அண்ட் ஐஸ்' என்னும் சங்கம் 1951-ல் தோன்றியது. கற்றோரும் கனவான்களும் முயன்று கைவிட்ட வெடிப்புகளை இவர்கள் ஒவ்வொன்றாக ஏறினர். வேல்ஸ் நாட்டின் லான்பெரிஸ் கணவாயில், விரித்து நிறுத்திய புத்தகம்போல் இரண்டு சுவர்கள் கூடும் மூலை ஒன்று உண்டு. சுமார் 120 அடி உயரமுள்ள அந்த 'செனடாஃப் கார்னர்' மூலையை பிரவுன் 1952-ல் ஏறி முடித்தார்.

கையே பூட்டு

நம் நாட்டுப் பனையேறிகள் மரத்தை வெளிப்புறமாக அணைத்து, காலில் தளைநார் பூட்டி ஏறுவர். வெடிப்பு ஏறுவோனுக்குப் பிடிமானம் உட்புறத்தில் இருக்கிறது. பற்றிக்கொள்ள விளிம்பு இல்லாத இடத்தில் தன் கையையே ஆப்பாக்கி உள்ளே செருக வேண்டும்.

வெடிப்பின் அகலமே ஏறும் முறையைத் தீர்மானிக்கிறது. விரல் மட்டுமே நுழையுமானால், வெடிப்பு சற்று ஒடுங்கும் இடத்துக்கு மேலே விரல்களை விட்டு, கணுக்கள் சிக்கும்படி கையைத் திருகிக் கீழ்நோக்கி இழுப்பர். உள்ளங்கை நுழையும் அகலமே யாவரும் விரும்புவது. கையைத் தட்டையாக உள்ளே விட்டுக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால், அதன் அடிச்சதை திரண்டு புடைக்கும். ஒரு பக்கம் உள்ளங்கையும் மறுபக்கம் புறங்கைக் கணுக்களும் பாறையை அழுத்த, கை பூட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதனை 'ஜாம்' என்பர். இது ரொட்டியில் தடவும் ஜாம் அன்று. சிக்கி இறுகுதல் என்னும் பொருளில் வந்த சொல். நாம் கைப்பூட்டு என்று அழைப்போம். நன்கு அமைந்த கைப்பூட்டில் ஒருவன் ஒரு கையில் தொங்கிக்கொண்டே மறு கைக்கு ஓய்வு கொடுக்கலாம்.

இன்னும் அகலமானால் முஷ்டியை மடக்கிச் செருகுவர். முஷ்டிக்குப் பெரியதாய், உடல் நுழையச் சிறியதாய் உள்ள வெடிப்பே கொடியது. அங்கே முழங்கை, தோள், முழங்கால் அனைத்தையும் திணித்து அங்குலம் அங்குலமாக நெளிந்து செல்ல வேண்டும். உடல் முழுதும் நுழையும் சந்தாயின் முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச்சுவரிலும் ஊன்றி ஏறுவர். வீட்டு நடையின் இரு சுவர்களுக்கிடையே காலை அகட்டி ஏறி, அன்னையிடம் வசை வாங்கிய சிறுவர் அனைவரும் இதன் முதற்பாடம் பயின்றவர்களே.

கையைக் காட்டிலும் காலுக்கே இதில் வேலை அதிகம். முழங்காலை வெளிப்புறம் சாய்த்து, பாதத்தை ஒருக்களித்து அதன் நுனியை வெடிப்பில் நுழைத்து, பிறகு முழங்காலை நிமிர்த்தினால் பாதம் திருகி இறுகும். அதன்மீது படியில் நிற்பதுபோல் நிற்கலாம். வலிக்கும், புறங்கைத் தோல் உராய்ந்து கிழியும், அதனால் கையில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்வோர் பலர். ஆனால் இக்கலையில் முதலில் தோற்பவன் வலிமை குன்றியவன் அல்லன். அஞ்சி வெறும் கைவலியால் தொங்குகிறவனே முதலில் களைத்துப் போகிறான். காலைப் பூட்டி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த இடத்தைப் பார்த்து நகர்பவன் நெடுந்தொலைவு செல்கிறான்.

கயிற்றின் இரு முனைகள்

இவ்வேற்றத்துக்கு இருவர் வேண்டும். முன்னே செல்பவன் இடுப்புவாரில் கயிற்றின் ஒரு முனை; கீழே நிற்கும் துணைவனிடம் மறு முனை. முன்னவன் சில அடி ஏறியதும் வெடிப்பில் ஒரு காப்பைச் செருகி, கொக்கி வளையத்தால் அதில் கயிற்றை மாட்டுகிறான். பின்னும் சில அடி ஏறி மற்றொன்று. அவன் வழுக்கினால் துணைவன் கயிற்றை விடாமல் நிறுத்துவான். இன்று அதற்கென இடுப்பில் மாட்டும் கருவிகள் உண்டு. பிரவுன் காலத்தில் துணைவன் கயிற்றைத் தன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, தன் உடலையே தடையாக்கி நிறுத்தினான்.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடைசிக் காப்புக்கு மேல் 6 அடி ஏறிய ஒருவன் வழுக்கினால் அவன் விழும் தொலைவு 6 அடி அன்று. காப்பு வரை 6 அடி, காப்புக்குக் கீழே 6 அடி, ஆக 12 அடி; கயிறு நீளும் அளவு அதற்கு மேல். ஆகவே காப்புகளுக்கிடையே தூரம் பெருகப் பெருக வீழ்ச்சி இரட்டிப்பாய்ப் பெருகும். கீழ்ப்பகுதியில் காப்பு மிக அரிதாய் இருந்தால் கயிறு இறுகுமுன் தரையே வந்துவிடும். கயிறு இருக்கிறதென்பதால் மட்டும் ஒருவன் காக்கப்படுவதில்லை. சணற்கயிற்றுக் காலத்தில், முன்னே செல்பவன் விழவே கூடாது என்பது விதியாய் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் கயிறு பரவியதால்தான் விழுந்தும் பிழைக்கும் வாய்ப்புப் பெருகிற்று.

உச்சியை அடைந்தவன் தன்னை உறுதியாகக் கட்டிக்கொண்டு, மேலிருந்து துணைவனின் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறான். துணைவன் ஏறி வரும்போது, செருகிய காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து வருகிறான். மேலே சென்று எண்ணிப் பார்த்தால் வழங்கியதும் திரும்பியதும் சரியாய் இருக்க வேண்டும். கிடங்குக் கணக்கு எழுதும் நமக்கு இப்பகுதி மிகவும் பிடித்திருக்கிறது. பாறையில் எதுவும் பற்று வைக்கப்படுவதில்லை!

நட்டின் கதை

காப்பு என்றோமே, அது யாது? பழங்காலத்தில் வெடிப்பில் தானாகவே சிக்கியிருக்கும் கல்லைச் சுற்றிக் கயிற்று வளையம் மாட்டினர். கல் இல்லாத இடத்துக்கென்று ஓடைக் கூழாங்கற்களைச் சட்டைப்பையில் சுமந்து சென்று செருகினர். வேல்ஸில் ஸ்னோடன் மலையின் பக்கத்தில் க்ளாக்வின் துர் அர்து என்னும் பெரும்பாறை உண்டு. லான்பெரிஸிலிருந்து அதற்குச் செல்லும் வழி, 1896-ல் திறக்கப்பட்ட ஸ்னோடன் மலை ரயிலின் பாதையை ஒட்டியே போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை சென்ற அன்பர்கள் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல்வரிசைப் பட்டையைக் கண்டிருப்பர். ஸ்னோடன் ரயிலும் அவ்வகையினதே.

1950-களில் அப்பாதையோரம் நடந்த ஏறுவோர், கழன்று கிடந்த நட்டுகளைக் கண்டனர். கூழாங்கல்லைவிட இது உறுதி. நடுவில் துளையும் ஆயத்தமாய் இருக்கிறது. உள்ளே உள்ள மரை கயிற்றை அறுக்காதபடி அராவி வழுவழுப்பாக்கி, துளையில் கயிற்றைக் கோத்து முடிந்தனர். மேலே அகன்று கீழே ஒடுங்கும் இடத்தில் அதைச் செருகினால், கீழ்நோக்கி இழுக்க இழுக்க இறுகும். மேல்நோக்கித் தள்ளினால் கழன்று கைக்கு வரும். சுத்தியல் வேண்டாம், பாறைக்கும் காயமில்லை. கதவு ஆடாதிருக்க அடியில் ஆப்பு வைக்கத் தெரிந்த எவரும் இதன் தத்துவத்தை அறிவர். 1961-ல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்பார் ஏறுவதற்கென்றே தனியாய் ஒரு காப்பைச் செய்தார். இன்று உலகெங்கும் பல அளவுகளில் செய்யப்படும் இக்காப்புகளுக்கு 'நட்டு' என்னும் ரயில்வேப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆப்பு விற்றவர் சொன்னது

இதற்கு மாறான முறையும் இருந்தது. இரும்பு முளைகளைச் சுத்தியலால் வெடிப்பில் அறைந்து, அவற்றில் கயிறு மாட்டும் முறை அது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கருங்கல் சுவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயர்ந்து நிற்கின்றன. அங்கே கடின எஃகு முளைகளை அடிப்பதும், பின்னால் வருபவர் பிடுங்குவதும், அடுத்தவர் அதே இடத்தில் அடிப்பதுமாய் இருந்ததில், விரல் நுழையா வெடிப்புகளில் குழி குழியாய்த் துளைகள் விழுந்தன. ஆப்பசைத்த குரங்கின் கதை நாம் அறிந்ததே. இங்கே வாலைக் கொடுத்தது பாறை!

ராயல் ராபின்ஸ் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கர் பிரிட்டன் சென்று நட்டு முறையைக் கண்டு திரும்பினார். 1967-ல் அவரும் அவர் மனைவி லிஸ்ஸும் யோசெமிட்டியில் ஒரு புதிய வழியை ஒரு முளைகூட அடிக்காமல் ஏறிக் காட்டினர். அதைவிடவும் நம்மை வியக்கவைப்பது ஈவோன் ஷூனார்டின் செயல். அவர் 1957 முதல் தம் கையால் முளைகளை அடித்து விற்றவர், அவ்வணிகத்தாலேயே உயர்ந்தவர். பாறைகள் சிதைவதைக் கண்ட அவர், தம் கூட்டாளி டாம் ஃப்ராஸ்டுடன் சேர்ந்து, முளை வணிகத்தைக் குறைத்துக்கொள்ளத் துணிந்தார். 1972-ல் வெளியிட்ட தம் விலைப்பட்டியலிலேயே, சுத்தியலை விட்டு நட்டுக்கு மாறுங்கள் என்று வாடிக்கையாளருக்கு எடுத்துரைத்தார். முளைகள் அக்கடையின் விற்பனையில் பெரும்பங்கு வகித்தன என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

இரு ஓரங்களும் இணையாய் ஓடும் வெடிப்பில் நட்டு நிற்காது. அதற்கு விடை கண்டவர் ரே ஜார்டின். இழுத்தால் விரிந்து இரு பக்கச் சுவர்களையும் அழுத்தும் பற்றிகள் கொண்ட அவருடைய கருவி 1978 முதல் 'ஃப்ரெண்ட்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரை மணற்பாறைகளிலோ, கல் மென்மையானது என்பதால் உலோகக் காப்புகளையே விலக்கிவிட்டனர். அங்கே நாடாவில் முடிச்சிட்டு அம்முடிச்சையே வெடிப்பில் செருகுவர்.

காஞ்சன்ஜங்காவின் கடைசி வெடிப்பு

நம்மவர் பலர் டார்ஜிலிங் சென்றிருப்பீர்கள். 1881 முதல் இரண்டடிப் பாதையில் ஓடும் அச்சிறு ரயில், 7,407 அடி உயரத்திலுள்ள கூம் நிலையத்தைக் கடந்து பதாசியா வளைவில் இறங்கும்போது, வானம் தெளிந்திருந்தால் காஞ்சன்ஜங்கா எதிரே தோன்றும். 28,169 அடி உயரமுள்ள அச்சிகரத்துக்கும் மான்செஸ்டரின் கட்டடத் தொழிலாளிக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1955-ல் சார்லஸ் எவன்ஸ் தலைமையில் சென்ற பிரிட்டிஷ் குழுவில் ஜோ பிரவுனும் ஒருவர். மே 25 அன்று அவரும் ஜார்ஜ் பேண்டும் சிகரத்தை நெருங்கினர். மேலே இருபது அடிபோல் ஒரு பாறைச் சுவர் வழி மறித்தது. அதில் ஒரு வெடிப்பு! இருபத்தெட்டாயிரம் அடி உயரத்தில், பிராணவாயுக் கருவியைச் சுமந்து நின்ற பிரவுன், வாயுவை முழு அளவில் திறந்துகொண்டு, தம் ஊர்ப் பாறையில் ஞாயிறுதோறும் பழகிய அதே கைப்பூட்டுகளால் அவ்வெடிப்பை ஏறினார். அதற்கு மேல் சில அடியில் சிகரம். சிக்கிம் மக்கள் அம்மலையைத் தெய்வமாய்ப் போற்றுவதால், உச்சியை மிதிப்பதில்லை என்று குழுவினர் முன்பே வாக்களித்திருந்தனர். இருவரும் அவ்வாறே சில அடி கீழே நின்று திரும்பினர். மறுநாள் சென்ற நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரெதரும் சுவரைச் சுற்றிச் செல்ல எளிய பனிவழி ஒன்றைக் கண்டு, அதன் வழியே சென்று, அவர்களும் உச்சியை மிதிக்காமல் மீண்டனர். முடிவுவரை சென்றும் கடைசி ஐந்தாறு அடியை மலைக்கே விட்டுவிட்டு வந்த அச்செயல், சுத்தியலைத் துறந்ததற்கு இணையானது என்று நாம் கருதுகிறோம். பிரவுன் பின்னர் லான்பெரிஸில் கடை வைத்து வாழ்ந்து, 2020-ல் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

நம் வீடுகளுக்கு

நம் நாட்டிலும் இக்கலைக்கு இடங்கள் உண்டு. கர்நாடகத்தில் பாதாமியின் செம்மணற் பாறைகள், ராமநகரத்தின் கருங்கற் குன்றுகள், மும்பைக்கு அருகே மும்ப்ராவின் கரும்பாறைகள் ஆகியன ஏறுவோர் நன்கறிந்தவை. முறையாய்க் கற்பிக்கும் நிலையங்களும் உள்ளன. டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் 1954 நவம்பர் 4 அன்று தோன்றியது. எவரெஸ்ட் வென்ற டென்சிங் அதன் முதல் களப்பயிற்சி இயக்குநர். உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிலையம் 1965-ல் அமைந்தது.

ஆபத்து இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். விழுந்து இறந்தோர் உண்டு. நம் நாட்டுப் பாறைகளில் மேல்நாட்டார் அறியாத பகையும் உண்டு: வெடிப்பிலும் விளிம்பிலும் கூடு கட்டும் மலைத்தேனீ. மழைக்காலத்தில் ஈரப்பாறை கைப்பூட்டை ஏமாற்றும். ராமநகரத்துக் குன்றுகளில் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம் உள்ளது. பறவைகள் கூடு கட்டும் பாறையை விட்டு விலகி நிற்பதும் ஏறுவோன் கடமையே.

ஆகவே பிள்ளை வந்து அனுமதி கேட்கும்போது, 'போகாதே' என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். 'போய் வா' என்று கேளாமல் விடவும் வேண்டாம். சில கேள்விகள் கேளுங்கள். யாரிடம் கற்றாய்? தலைக்கவசம் இருக்கிறதா? நீ செருகும் காப்பு நிற்கும் என்று, அனுபவமுள்ள ஒருவர் உன் அருகிருந்து எத்தனை முறை சோதித்தார்? கயிற்றின் மறு முனையைப் பிடிப்பவர் யார். அவரை எத்தனை நாளாய் அறிவாய்? பாதி வழியில் கை தளர்ந்தால், வானம் இருண்டால், இறங்கி வருவாயா. அப்படி வந்தால் உன் தோழர் நகைப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் விடையைக் கூர்ந்து கேளுங்கள். இறங்கி வந்தவனைப் பார்த்து நகைக்கும் கூட்டமானால் உங்கள் பிள்ளையை அதனுடன் அனுப்ப வேண்டாம். மற்றக் கேள்விகளுக்கும் நேரான விடை கிடைக்குமானால், ஒரு ஞாயிறன்று நீங்களும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு அப்பாறையடிக்குச் சென்று பாருங்கள். பிள்ளை வெடிப்பில் கையைப் பூட்டி, காலை ஊன்றி, அவசரமின்றி அடுத்த காப்பைச் செருகுவதைக் காண்பீர்கள். மாலையில் வீடு திரும்புமுன், காப்புகள் எத்தனை போயின, எத்தனை வந்தன என்று எண்ணச் சொல்லுங்கள். கணக்குச் சரியாயிருந்தால் அடுத்த ஞாயிறும் போகட்டும்.